கண்ணாடிக்குள் கடல்

நன்னீர் மீனை மனையில் வளர்க்கும் பழக்கம் மிகத் தொன்மையானது. சீன நாட்டார் பொன்மீன்களைக் குளங்களிலும் பீங்கான் தாழிகளிலும் பல நூற்றாண்டுகளாகப் பேணி வந்துள்ளனர். ஆனால், கடலை வீட்டுக்குள் கொண்டு வருவது மனிதனுக்கு அவ்வளவு எளிதில் கைகூடவில்லை. கடற்கரையில் செழித்து வாழும் உயிர்களை எடுத்து, கடல் நீரையே ஊற்றி ஒரு தாழியில் வைத்தாலும், இரண்டொரு நாளில் நீர் கலங்கும், நாற்றம் எழும், உயிர்கள் மடியும். கடலில் பிறந்த உயிர் கடல் நீரிலேயே மாள்வானேன்? இந்தக் கேள்விக்கு முழு விடை காண ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடையைத் தேடிய வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

இதனைப் பொழுதுபோக்கு ஒன்றின் கதை என்று எண்ணிவிட வேண்டாம். பவளமும் மீனும் சேர்ந்து வாழும் உப்புநீர்த் தொட்டி ஒன்றைத் தம் வீட்டில் அமைக்க விரும்புவோர் இன்று பலர் இருக்கின்றனர். அவர்கள் செய்ய வேண்டிய செயல்கள் யாவும் இவ்வரலாற்றில் எவரோ ஒருவர் அரும்பாடுபட்டுக் கண்டறிந்தவை. அவர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகளும் முன்னோர் செய்து, உயிர்களைப் பலி கொடுத்துக் கற்ற பாடங்களே. வரலாற்றை அறிந்தவன் அப்பலியை மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆற்று மீனுக்கும் கடல் உயிருக்கும் உள்ள வேற்றுமையை முதலில் மனத்திற் கொள்வோம். ஆற்று மீன் புது வெள்ளத்தையும் கோடை வறட்சியையும் மாறி மாறிக் கண்டு பழகியது. பவளப்பாறையைச் சூழ்ந்த கடலோ அத்தகையதன்று. அங்கே ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. வெப்பமும் ஒரு சில டிகிரிகளுக்குள்ளேயே நிற்கும். கழிவுகள் சேர்ந்தால், அளவற்ற நீர்ப்பரப்பில் அவை கரைந்து மறையும். இத்தகைய மாறாத உலகில் வாழ்ந்த உயிரை ஒரு குடம் நீரில் அடைப்பது, பேரரண்மனையில் வளர்ந்த குழந்தையை ஒரு பெட்டிக்குள் வைப்பதைப் போன்றது.

இந்த முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் பெண்மணி. ஜான் வில்ப்ரோ பவர் என்பது அவர் பெயர். 1794ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்த இவ்வம்மையார், இளமையில் தையற்கலையால் பெயர் பெற்றார். மணமான பின் சிசிலித் தீவின் மெசீனா நகரில் குடியேறினார். அங்கே ஆர்கோனாட்டா என்னும் எண்கால் பிராணியின்மீது அவர் நாட்டம் சென்றது. காகிதம் போன்ற மெல்லிய ஓட்டுக்குள் அது வாழும். அந்த ஓடு அதற்கே உரியதா, அன்றி வேறோர் உயிரிடமிருந்து கவர்ந்துகொண்டதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். வாதத்தால் தீராத வழக்கைக் கண்ணால் கண்டு தீர்ப்பது என்று அம்மையார் முடிவு செய்தார். 1832ஆம் ஆண்டளவில் கண்ணாடித் தொட்டிகளையும், கடலுக்குள்ளேயே இறக்கி வைக்கத்தக்க கூண்டுகளையும் அமைத்தார். குஞ்சுகள் ஓடின்றிப் பிறந்து, பிறகு தாமே ஓட்டைச் சுரந்து கட்டுவதைப் பார்த்தார். ஓட்டில் ஒரு பகுதியை உடைத்து வைத்தால், அப்பிராணி அதனைத் தானே செப்பனிட்டுக் கொள்வதையும் கண்டார். வழக்குத் தீர்ந்தது. பின்னாளில் அவருடைய சேகரங்களையும் குறிப்புகளையும் ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கிவிட்டது. ஆயினும், உயிரை உயிரோடு வைத்துப் பார்த்து அறியும் முறை மூழ்கவில்லை.

மெசீனாவில் கடல் வாயிலிலேயே இருந்தது. புது நீருக்குக் குறைவில்லை. கடலிலிருந்து தொலைவில் வாழ்பவன் என்ன செய்வது? இதற்கு வழி கண்டவரும் ஒரு பெண்மணியே. ஆனா தைன் என்பவர் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் வாழ்ந்த பாதிரியார் ஒருவரின் துணைவியார். 1846ஆம் ஆண்டில் டார்க்கி என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றபோது, அங்குள்ள பாறைகளில் கல்பவள உயிர்கள் சிலவற்றைக் கண்டு, அவற்றை ஒரு சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொணர்ந்தார். பயணத்தில் அவை உருளாமல் இருக்கும்பொருட்டு ஊசியும் நூலும் கொண்டு ஒரு கடற்பஞ்சில் தைத்து வைத்தாராம். தலைநகரில் கடல் நீர் நாள்தோறும் கிடைக்குமா? ஆகவே, இருந்த நீரையே சாளரத்தின் அருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நெடுநேரம் ஊற்றி ஊற்றி எடுக்கச் செய்தார். நம் வீடுகளில் காப்பி ஆற்றுவதை ஒத்தது இது. அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்ணின் கையில் விழுந்தது. இன்று மின்விசையால் ஓடும் காற்றுக் குழாய் செய்யும் தொண்டை அன்று செய்தவள் பெயர் அறியப்படாத அந்தப் பணிப்பெண்தான். மறு ஆண்டில் அம்மையார் உயிருள்ள கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார். கடலைக் காணாத நகரத்து அறையில் அவருடைய பவள உயிர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்தன, பெருகவும் செய்தன.

பாசியைச் சேர்த்ததனால் என்ன பயன்? இதன் காரணத்தைச் சோதனையால் விளக்கியவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர். பச்சைச் செடி கெட்ட காற்றை நல்ல காற்றாக்கும் என்பதைப் பிரீஸ்ட்லி 1770களில் காட்டியிருந்தார். அதற்கு வெயில் தேவை என்பதை இங்கன்ஹவுஸ் 1779ஆம் ஆண்டில் மெய்ப்பித்திருந்தார். வாரிங்டன் 1849ஆம் ஆண்டில் ஒரு தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்தார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி கொள்ளும். செடி விடும் பிராணவாயுவை மீன் கொள்ளும். கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் சில நாளில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. உடனே அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீனும் செடியும் ஆகிய இருவர் போதாது, துப்புரவு செய்ய மூன்றாமவரும் வேண்டும் என்பது தெரிந்தது. சில ஆண்டுகளில் இதே முறையைக் கடல் நீரிலும் அவர் செய்து பார்த்தார். இன்றும் பவளத் தொட்டி வைப்போர் பாசி மேயும் நத்தைகளையும் சிறு துறவி நண்டுகளையும் தொடக்கத்திலேயே விடுவதற்கு இதுவே காரணம்.

இக்கலையை இங்கிலாந்து முழுவதும் பரப்பிய பெருமை பிலிப் ஹென்றி காஸ் என்பவரைச் சாரும். இயற்கைநூல் எழுத்தாளராகிய இவருடைய துணையுடன் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853ஆம் ஆண்டு மே மாதம் பொதுமக்களுக்கென மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூல் ‘அக்குவேரியம்’ என்னும் சொல்லை உலக வழக்காக்கிற்று. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குக் கால்நடைகள் நீர் அருந்தும் இடம் என்பது பொருள். அது புதுப் பொருள் பெற்றது.

காஸ் செய்த மற்றொரு செயல் நமக்கு இன்னும் நெருங்கியது. கடலுக்குச் செல்லாமலே கடல் நீரை உண்டாக்க அவர் முயன்றார். வேதியியலார் பகுத்துக் கூறிய கணக்கைக் கொண்டு, சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்னும் நான்கினை 1854ஆம் ஆண்டில் நன்னீரில் கரைத்தார். சுண்ணச் சத்தை அவர் சேர்க்கவில்லை. அடியில் கிடக்கும் சிப்பித் துண்டுகளும் பவளத் துண்டுகளும் அதனை அளித்துவிடும் என்று எண்ணினார். இந்த எண்ணம் மீனுக்கும் நண்டுக்கும் ஓரளவு பொருந்தும். பவளத்துக்குப் பொருந்தாது என்பது பின்னர்த் தெரியவந்தது. அதற்கு மீண்டும் வருவோம். இங்கே கருத வேண்டியது அவருடைய பொறுமை. நீரைக் கலந்தவுடன் அவர் உயிர்களை விட்டுவிடவில்லை. முதலில் கூழாங்கல்லும் பாசி படர்ந்த கல்லும் இட்டு, ஒரு வாரம் காத்திருந்து, அதன் பின்னரே பிராணிகளைச் சேர்த்தார். காத்திருத்தல் நலம் என்பதை அவர் அனுபவத்தால் உணர்ந்திருந்தார். ஏன் நலம் என்பது அன்று எவருக்கும் தெரியாது.

காஸின் நூல்கள் வெளிவந்த காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெரும் மோகம் எழுந்தது. கண்ணாடியின்மீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845ஆம் ஆண்டில் நீங்கியதால் கண்ணாடி மலிந்தது. புகைவண்டி கடற்கரையை நகரத்தார்க்கு அருகில் கொணர்ந்தது. வாளியும் உளியும் ஏந்திய கூட்டம் கரையெங்கும் திரண்டது. பாறைக் குழிகளில் பூப்போல் விரிந்திருந்த கடற்சாமந்திகளைப் பெயர்த்தெடுத்தனர். கண்ணாடிப் பெட்டிகளில் நெருக்கி அடைத்தனர். வெயில் படும் சாளரத்தில் வைத்தனர். சில நாளில் நீர் பசுங்குழம்பாயிற்று, அல்லது கறுத்து நாறியது. செத்தவற்றைக் கொட்டிவிட்டு மீண்டும் கரைக்குச் சென்றனர். சில ஆண்டுகளுக்குள் மோகம் தணிந்தது. ஆனால் கரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காஸின் மகன் எட்மண்ட் 1907ஆம் ஆண்டில் எழுதிய தன்வரலாற்றில், தாம் சிறுவயதில் தந்தையோடு கண்ட எழில்மிகு பாறைக் குளங்கள் சூறையாடப்பட்டு வெறுமையாய்ப் போனதைத் துயரத்தோடு பதிந்துள்ளார். தந்தைக்கும் அது வருத்தம் அளித்தது என்கிறார். கடலின்மீது கொண்ட காதலே கடலைப் பாழாக்கியது. இவ்வரலாற்றின் நடுவே ஓடும் துயரம் இதுதான்.

மோகம் தணிந்த பின்னும் முயற்சியைக் கைவிடாதவர் வில்லியம் ஆல்ஃபர்டு லாயிடு. இலண்டனில் கடல் உயிர்களையும் தொட்டிகளையும் விற்கும் கடை வைத்திருந்தவர் இவர். பலருடைய தொட்டிகள் கெட்டுப்போவதைக் கண்டு காரணத்தை ஆராய்ந்தார். நீரின் அளவு சிறிதாயிருப்பதும் ஒளி மிகுவதுமே கேடு என்று கண்டார். ஆகவே, காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை இருளில் நிலத்தடியில் அமைத்து, எந்திரத்தால் நீரை மேலும் கீழும் ஓயாமல் சுழலவிட்டார். இம்முறையில் 1871ஆம் ஆண்டில் இலண்டன் படிக மாளிகையில் அவர் அமைத்த கடல் காட்சிசாலை புகழ் பெற்றது. நேப்பிள்ஸ் நகரில் டோர்ன் என்னும் செருமானிய அறிஞர் நிறுவிய கடல் ஆய்வு நிலையத்தின் காட்சிசாலைக்கும் அவரே துணை நின்றார். இன்று வீட்டுத் தொட்டியின் கீழே அலமாரிக்குள் மறைத்து வைக்கப்படும் அடித்தொட்டி, லாயிடின் நிலத்தடித் தேக்கத்தின் சிறு வடிவமே. தொடக்கநிலையில் இருப்பவர் சிறு தொட்டி எளிது என்று எண்ணுவது இயல்பு. உண்மை இதற்கு மாறானது. நீர் மிகுந்தால் பிழை மெல்ல வரும். திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். நீர் குறைந்தால் ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும்.

தேங்கும் கழிவு எங்கே போகிறது என்னும் வினாவுக்கு விடை கடற்கரையிலிருந்து வரவில்லை. பாரிசு நகரத்துச் சாக்கடை நீரிலிருந்து வந்தது! ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1877ஆம் ஆண்டில் மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டனர். இருபது நாள் வரை ஒன்றும் நிகழவில்லை. உட்சென்ற அம்மோனியா அப்படியே வெளிவந்தது. பிறகு திடீரென அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றது. ஆவியை நீக்கிவிட்டுத் தோட்டத்து மண் கரைந்த நீரைச் சிறிது ஊற்றினர். மாற்றம் மீண்டும் தொடங்கியது. இது வெறும் இரசாயன நிகழ்ச்சியன்று, மணலில் குடியேறிய நுண்ணுயிர்களின் வேலை என்பது உறுதியாயிற்று. 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஓர் இனம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது மற்றோர் இனம் என்று காட்டினார்.

தொடக்கநிலையில் இருப்பவர் மனத்திற் பதிக்க வேண்டிய பாடங்களுள் தலையாயது இதுவே. மீனின் கழிவும் தின்னாது விட்ட இரையும் அம்மோனியாவாகின்றன. அது கொடிய நஞ்சு. புதுத் தொட்டியில் அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் இல்லை. கல்லிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருகப் பல வாரங்கள் ஆகும். பளிங்குபோல் தெளிந்து தோன்றும் புது நீரே ஆபத்தான நீர். ஆகவே, தொட்டியை நிரப்பி, உப்பின் அளவையும் வெப்பத்தையும் நிலைப்படுத்தி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் தோன்றிப் பின் முற்றிலும் மறையும்வரை மீன் விடாமல் காத்திருக்க வேண்டும். மறைந்ததா என்பதைச் சோதனை மருந்து காட்டும், கண் காட்டாது. பிற்காலத்தில் பெரிய தொட்டிக்கு மாறும்போதும், பழைய கற்களை ஈரம் உலராமல் எடுத்துச் செல்ல வேண்டும். அவற்றோடு அக்குடிகளும் செல்லும். ஷ்லோசிங் ஊற்றிய தோட்டத்து மண்நீரைப் போன்றவை அக்கற்கள்.

நம் தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதியவர் என்றே பலரால் அறியப்படுகிறார். அவர் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் கடல் உயிர்களையும் ஆராய்ந்து எழுதியவருங்கூட. அவருடைய முயற்சியால் சென்னைக் கடற்கரையில் எழுந்த கடல் உயிர்க் காட்சிசாலை, அந்த ஏழு தொகுதிகளும் வெளிவந்த அதே 1909ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அது பின்னாளில் மறைந்துவிட்டது.

மீன்களை வாழவைக்கும் வழி தெரிந்த பின்னும், பவளம் மட்டும் வயப்படாமல் நின்றது. வெப்பக் கடலின் பவளத்தைத் தொட்டியில் இட்டால் நாளடைவில் வெளுத்து இறந்தது. காரணம் அதன் உடலுக்குள் இருந்தது. பவளப் பூச்சிகளின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. 1881ஆம் ஆண்டில் பிராண்ட் என்னும் செருமானியர் இத்தகைய பாசிகளுக்குப் பெயரிட்டார். 1928–29ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டுக்கு யோங் தலைமையில் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர், பவளங்களை இருட்டில் அடைத்து வைத்துப் பார்த்தனர். அவை தம்முள் இருந்த பாசியை வெளியேற்றி வெளுத்தன. வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் அப்பாசியே பவளத்துக்கு உணவின் பெரும்பகுதியை அளிக்கிறது. எனவே பவளம் வளர்ப்பவன் ஒரு பிராணியையும் ஒரு பயிரையும் சேர்த்தே வளர்க்கிறான். லாயிடு கேடென்று விலக்கிய ஒளி இங்கே உயிர்நாடியாகிறது.

இவ்வுண்மை செயலில் மலர்ந்தது வெப்பநாட்டுக் கடற்கரைகளில்தான். பசிபிக் கடலின் நியூ கலிடோனியாத் தீவில் கத்தாலா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1956ஆம் ஆண்டில் திறந்த காட்சிசாலையில், ஓடும் கடல் நீரும் இயற்கை வெளிச்சமும் கொண்டு உயிருள்ள பவளங்களை வளர்த்துக் காட்டினார். புற ஊதா ஒளியில் சில பவளங்கள் பச்சையும் செம்மையுமாகச் சுடர்விடுவதையும் அவர் உலகுக்கு அறிவித்தார். அடுத்த செய்தி ஜாகர்த்தா நகரிலிருந்து வந்தது. லீ சின் எங் என்பவர் 1961ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் தம் முறையை வெளியிட்டார். அதில் வடிகட்டி இல்லை. கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் அப்பிய கற்கள், சிறிது காற்றுக் குமிழி, வெயில் ஆகியவை மட்டுமே. அந்த உயிர்ப்பாறைகளின் மேற்பரப்பில் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வாழ்ந்தன. பிராணவாயு எட்டாத உட்துளைகளிலோ நைட்ரேட்டையும் பிரித்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும் வேறு நுண்ணுயிர்கள் இருந்தன. எந்திரத்தால் செய்ய முயன்றதைப் பாறை ஓசையின்றிச் செய்தது. மேலைநாட்டார் பலர் இதனை உடனே நம்பவில்லை.

பின்வந்த இருபது முப்பது ஆண்டுகளில் பெர்லின் நகர ஆர்வலர்கள் இந்த முறையைச் செப்பம் செய்தனர். குளிர்நாட்டில் வெயிலுக்குப் பதிலாக வலிமை மிக்க விளக்குகளை அமைத்தனர். உயிர்ப்பாறையோடு நுரை எடுக்கும் கருவியைச் சேர்த்தனர். கடற்கரையில் அலை அடிக்கும்போது எழும் நுரையில் அழுக்குத் திரண்டு ஒதுங்குவதைப் போல, இக்கருவி நுண்ணிய குமிழிகளால் கழிவை அது அம்மோனியாவாகும் முன்பே திரட்டி அகற்றுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வில்கென்ஸ் இன்னொன்றைக் கற்பித்தார். பவளம் தன் எலும்பைக் கட்டச் சுண்ணத்தை ஓயாமல் நீரிலிருந்து எடுக்கிறது. கடலில் அது குறையாது, தொட்டியில் குறையும். ஆகவே, சுண்ணாம்புத் தெளிநீரை அளவாகச் சேர்க்க வேண்டும் என்றார். காஸ் தம் பட்டியலில் விட்டுவைத்த சுண்ணம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் தன் இடத்தைப் பெற்றது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அக்குறையை ஈடுசெய்யும் நன்னீரோடு சுண்ணாம்புத் தெளிநீரைத் துளித்துளியாகச் சேர்ப்பது பொருத்தமான முறையாக அமைந்தது. குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றுவது புதியவர்கள் செய்யும் பிழை. நாளுக்கு நாள் உப்பு ஏறும்.

தொட்டியை மேம்படுத்துவோர் இவ்வரிசையை மறத்தல் ஆகாது. முதலில் நீரும் கல்லும் நுண்ணுயிரும். அடுத்துத் துப்புரவு செய்யும் உயிர்கள். பின்னர் ஒன்றிரண்டு மீன்கள். நெடுநாள் கழித்து நுரைக் கருவியும் விளக்கும் சுண்ணமும் சீர்பட்ட பிறகே பவளம். வரலாறு சென்ற வரிசையும் இதுவே. விலையுயர்ந்த விளக்கை முதல் நாளே வாங்கி மாட்டுவதால் இதில் ஒரு படியைக்கூடத் தாண்டிவிட இயலாது.

இனி, முன்பு கூறிய துயரத்திற்கு வருவோம். தொட்டிக்கலை உலகெங்கும் பரவப் பரவ, வெப்பக் கடல்களின் பவளத்திட்டுகள் அதன் சுமையைத் தாங்க நேர்ந்தது. பிலிப்பைன்சு நாட்டில் 1960களிலிருந்து சயனைடு நஞ்சைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கிய வண்ண மீன்களைப் பிடிக்கும் வழக்கம் பரவியது. பிடிபட்ட மீனும் நெடுநாள் வாழாது. நஞ்சு பட்ட பவளமும் மாளும். நம் மன்னார் வளைகுடாவிலோ பவளம் அழகுக்காக மட்டும் எடுக்கப்படவில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல காலம் வெட்டி எடுக்கப்பட்டது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளுள் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. அரணாக நின்ற பவளத்தை இழந்ததும் அதற்கு ஒரு காரணம். அப்பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. 2001ஆம் ஆண்டில் திட்டு கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள காப்பு அன்று முதல் பவளத்துக்கும் உண்டு. ஆகவே, நம் கடலிலிருந்து ஒரு பவளத் துண்டையேனும் பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தல் தண்டனைக்குரிய குற்றம்.

அப்படியானால் நம் நாட்டில் இக்கலைக்கு இடமில்லையா? உண்டு. உயிரற்ற செயற்கைக் கற்களை அடுக்கி, அவற்றில் நுண்ணுயிர்களைக் குடியேற்றிப் பொறுமையாகக் காத்திருந்தால், அவையும் நாளடைவில் உயிர்ப்பாறைகளே. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை வகுத்துள்ளனர். அத்தகைய வளர்ப்பு மீன், கடலிலிருந்து பறிக்கப்படாதது. தொட்டி வாழ்க்கைக்குப் பிறப்பிலேயே பழகியது. புதிதாகத் தொடங்குவோர்க்கு அதனினும் தகுந்த மீன் அரிது.

இக்கலை கடலுக்குப் பட்ட கடனைத் தீர்க்கத் தொடங்கியுள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். படிக மாளிகை இருந்த இடத்திற்குச் சிறு தொலைவில் ஹார்னிமன் அருங்காட்சியகம் உள்ளது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் பவளத்தின் தாய்க்கடலில் நிகழும் வெப்ப மாற்றத்தையும் பகற்பொழுதின் நீளத்தையும் நிலவின் வளர்பிறை தேய்பிறையையும் தொட்டிக்குள் அவ்வாறே அமைத்து, பவளங்களைக் குறித்த காலத்தில் கருவிடச் செய்தனர். அம்முறையை 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுடைய துணையோடு 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கடல் உயிர்க் காட்சிசாலையில், அழியும் நிலையிலிருந்த தூண்பவளம் தொட்டியிலேயே கருவிட்டது. 2023ஆம் ஆண்டுக் கோடையில் புளோரிடாக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியபோது, வளர்ப்பிடங்களிலிருந்த பவளங்களை அள்ளி வந்து கரையிலுள்ள தொட்டிகளில் வைத்துக் காத்தனர்.

சூடேறிய கடலில் பவளம் வெளுப்பது ஏன்? யோங்கின் குழுவினர் இருட்டுப் பெட்டியில் கண்டதே இங்கும் நிகழ்கிறது. வெப்பம் தாங்காத பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடுகிறது. மன்னார் வளைகுடாவிலும் 1998, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய வெளுப்பு நேர்ந்தது. ஒன்றிரண்டு டிகிரி வெப்பம் உயர்ந்தால் என்ன என்று கேட்போர் உண்டு. தொட்டி வைத்துப் பார்த்தவன் அவ்வாறு கேட்கமாட்டான். வெப்பமூட்டும் கருவி ஓர் இரவு பழுதானால் காலையில் என்ன காண நேரும் என்பது அவனுக்குத் தெரியும்.

நூற்றைம்பது ஆண்டு உழைப்பு நமக்கு அளித்த அறிவு இதுவே. கடல் என்பது உப்புக் கரைந்த நீர் மட்டுமன்று. எண்ணிறந்த உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் ஒரு சிறு பகுதியைக் கண்ணாடிக்குள் நிறுத்துவதற்கே பல அறிஞர்களின் வாழ்நாளும், மின்விசையும், மனிதனின் அன்றாடக் கவனமும் தேவைப்படுகின்றன. கரைக்கு அப்பால் அலையடிக்கும் பெருங்கடல் அதே வேலையைக் கூலி கேளாமல் செய்து வருகிறது. வீட்டில் ஒரு தொட்டி வைப்பவர் அந்த வேலையின் அருமையை அறிந்து, கடலிலிருந்து எடுப்பதைக் குறைத்துக் கடலைக் காப்பதில் தம் பங்கைச் செலுத்துவாரானால், அவருடைய தொட்டி நற்பயன் அளித்ததாகும்.